பன்னிரண்டு என்று எழுதிய தபால் பெட்டி

“உங்களுக்குக் கடிதங்கள் வருமா?”

போன வாரம் வியாழக்கிழமை மத்தியானம் என் வீட்டு மணியை அடித்து ஒருவர் கேட்ட கேள்வி இது. கேள்விக்கு முன்னால் மூன்று மன்னிப்புகள் வந்தன. மணி அடித்ததற்கு ஒன்று. மத்தியான நேரத்தில் அடித்ததற்கு ஒன்று. இன்னும் கேட்காத கேள்விக்காக முன்கூட்டியே ஒன்று.

கேட்டவர் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஜப்பானிய மாணவி. மாணவி என்றதும் புத்தகப் பையைக் கற்பனை செய்ய வேண்டாம். முப்பது வயதை நெருங்குபவர். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். எதைப் பற்றி? வடக்கு ஜெர்மனியின் சதுப்பு நிலத்தில் வளரும் பாசியைப் பற்றி. ஜப்பானில் பாசி இல்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நிறைய இருக்கிறதாம். ஆனால் இது வேறு பாசி.

எனக்குக் கடிதம் வருமா? இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர்கள் சிரிப்பார்கள். வெளிநாட்டவர் ஆலோசனை நிலையமொன்றில் முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு சம்பளத்துக்கு மட்டும்தான். கெல்சென்கிர்ச்சனில் இருந்து ஒருவர் இப்போதும் விண்ணப்பப் படிவத்தைப் படம் எடுத்து அனுப்பி, ‘அண்ணை, இந்த அன்ட்ராக்கில ஏழாவது கட்டத்துக்கு என்ன எழுதுறது?’ என்று கேட்கிறார். கடிதம் வராத நாள் எனக்கு ஞாயிறு மட்டும்.

அதைச் சொன்னேன்.

“எப்படி வருகிறது?” என்றார்.

கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. கோட்டைக் கூடக் கழற்றவில்லை. நெஞ்சோடு கடதாசிகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் கோப்பை அணைத்துப் பிடித்திருந்தார், யாரோ பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல.

அன்று காலை நடந்தது இதுதான். அவருடைய வதிவிட அனுமதி அட்டை இன்னும் பதினொரு நாளில் முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி மூன்று மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்திருக்கிறார். பதில் இல்லை. பொறுமையாகக் காத்திருந்தார்... ஜெர்மனியில் காத்திருப்பதுதான் நடைமுறை என்று யாரோ நல்லவர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆய்வுக்கூடத்தில் கடைசி வருடத்துக்கான வேலை ஒப்பந்தம் போடவேண்டும். செயலாளர் அனுமதி அட்டையைக் கேட்டுவிட்டார். ஆகவே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரே போனார்.

அங்கே இருந்த பெண் கணினியைப் பார்த்து, அவர் எங்கேயும் வசிக்கவில்லை என்று அறிவித்தார்.

மூன்று கடிதம் அனுப்பினோம். மூன்றும் ‘முகவரியில் இப்படி ஒருவர் இல்லை’ என்று திரும்பிவிட்டன. பதிவு அலுவலகத்துக்கு அறிவித்தோம். அவர்கள் உங்களை ‘எங்கே போனார் என்று தெரியாது’ என்று நகரப் பதிவிலிருந்து நீக்கிவிட்டார்கள். இருக்கும் இடம் தெரியாதவருடைய விண்ணப்பத்தை நாங்கள் மூடவேண்டியதுதான்.

“நான் அவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்” என்று என்னிடம் சொன்னார் மாணவி.

எனக்கு இது புதிதல்ல. இந்த நாட்டில் மனிதர் வேறு, முகவரி வேறு. முகவரி இருந்தால் மனிதர் இருப்பார். மறுபக்கமாக அது வேலை செய்யாது.

வாருங்கள் என்று வெளியே கூட்டிக்கொண்டு போனேன். என் கதவிலிருந்து நாலு அடி தூரத்தில்தான் பதினான்கு வீட்டுக்காரரின் தபால் பெட்டிகளும் சுவரில் இருக்கின்றன. உங்கள் பெட்டி எது? அவர் காட்டினார். கீழ் வரிசையில் கடைசிக்கு முந்தின பெட்டி. பெயர் இருக்கவேண்டிய கண்ணாடி இடுக்கில் ஒரு சிறிய வெள்ளைக் கடதாசி. அதில், அளவுகோல் வைத்து எழுதியது போல, 12.

அவ்வளவுதான். பெயர் இல்லை. வாசல் மணியிலும் அதே கடதாசி, அதே 12.

ஏன் பெயர் போடவில்லை என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. ஜப்பானில் தனியாக வாழும் பெண் வாசலில் பெயரைப் போடுவாளா? போட்டால் இங்கே ஒரு பெண் தனியாக இருக்கிறாள் என்று தெருவுக்கே அறிவித்தது மாதிரி. அங்கே கட்டடத்தின் பெயரும் அறையின் எண்ணும் போதும். கடிதம் சரியான பெட்டியில் விழும். இங்கே வந்து முதல் இரண்டு வருடம் மாணவர் விடுதியில் இருந்தார். அங்கேயும் அறைக்கு எண் இருந்தது, கடிதம் ஒழுங்காக வந்தது. பிறகு இந்தக் கட்டடத்துக்கு மாறினார். வாடகை ஒப்பந்தத்தில் ‘வீடு 12’ என்று இருந்தது. ஊருக்கெல்லாம் அந்த எண்ணோடு புதிய முகவரியை அனுப்பினார்.

அந்த 12 என்பது வீட்டுச் சொந்தக்காரருடைய கோப்பில் மட்டும் இருக்கும் எண். எங்கள் கட்டடத்தில் எந்தக் கதவிலும் எண் கிடையாது. இந்த நாட்டில் தபால்காரர் தேடுவது பெயரை. பெயர் இல்லாத பெட்டி அவருக்குப் பூட்டிய வீடு.

விளக்கினேன். முப்பத்தொரு வருடம் விளக்கிய வாய், நன்றாகவே விளக்கியது.

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு மாதமாக ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்த பெட்டி. வங்கி, காப்புறுதி எல்லாம் கைபேசியில் நடக்கிறது. பார்சல் வந்தால் பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு என்று தெருச் சந்தியில் உள்ள தானியங்கிப் பார்சல் பெட்டிக்கு எடுப்பித்துக்கொள்வார். ஆகவே வராமல் போனது கடிதம் மட்டும். கடிதம் வராததற்கு அவர் கண்டுபிடித்த விளக்கம் எளிமையானது. யாரும் எழுதவில்லை.

பிறகு கேட்டார்: “அப்படியென்றால், புத்தாண்டு அட்டைகளும்?”

ஜப்பானில் புத்தாண்டுக்கு அட்டை அனுப்பும் வழக்கம் இருக்கிறது. நாங்கள் கைபேசியில் ஒரே படத்தை நூறு பேருக்குத் தள்ளிவிடுவது போல அல்ல, தபாலில் போவது. கைபேசியில் பேசுகிறவர்கள் அவருக்கும் சிலர் உண்டு. ஆனால் பழைய பேராசிரியர்கள், பள்ளித் தோழிகள், உறவினர்கள், பிறகு தனியாக வாழும் அப்பா... இவர்கள் அட்டைக்காரர்கள். வருடத்துக்கு ஒரு அட்டை. அது வந்தால் உறவு இருக்கிறது. நீங்கள் அனுப்பியும் பதிலுக்கு வராமல் போனால், அவர்கள் மெல்ல விலகுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சண்டை இல்லை, அறிவிப்பு இல்லை, ஏன் என்று கேட்பதும் இல்லை. கேட்பது மரியாதைக் குறைவு.

அவர் மார்கழியில் முப்பது அட்டை அனுப்பியிருக்கிறார். ஒன்றுகூட வரவில்லை. ஆகவே முப்பது பேரும் விலகிவிட்டார்கள் என்று முடிவு செய்து, யாரையும் ஒன்றும் கேட்காமல், காலையில் பாசி பார்க்கப் போய், மாலையில் வெறும் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

‘புத்தாண்டு அட்டைகளும்?’ என்று அவர் கேட்ட அந்த நொடியில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

ஜனவரியில் ஒரு நாள். வழமையான தபால்காரர் லீவு. அவருக்குப் பதிலாக வந்த இளைஞர் பெட்டிகளுக்கு முன்னால் தடுமாறிக்கொண்டிருந்தார். கையில் ரப்பர் பட்டி போட்ட ஒரு கட்டு அட்டை. ஜப்பானில் இருந்து வந்திருக்கிறது, பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை, இங்கே ஜப்பான்காரர் யாரும் உண்டா என்று என்னிடம் கேட்டார்.

மூன்றாம் மாடியில் ஒருவர் இருக்கிறார் என்றேன். அவருடைய பெயர் இதுதானா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் அந்த 12 பெட்டியில் போட்டுவிடட்டுமா என்றார்.

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? ஒரு நிமிடம் பொறுங்கள், மேலே போய்க் கேட்டு வருகிறேன் என்று. நான் என்ன சொன்னேன்? பெயர் உறுதியில்லாத பெட்டியில் ஒருவருடைய தபாலைப் போடுவது விதிக்கு மாறு என்றேன். ஒருவருக்கு வந்ததை இன்னொருவர் வாசித்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். திருப்பி அனுப்புவதுதான் நடைமுறை என்று ஆலோசனையும் கொடுத்தேன். அந்த இளைஞர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நானும் இன்னொருவருக்குச் சரியான வழி காட்டிய திருப்தியோடு உள்ளே வந்து தேநீர் போட்டேன்.

மூன்று மாடி. என் வலது முழங்கால். வேறு காரணம் எதுவும் இல்லை.

பெயர் ஏன் தெரியவில்லை? அவர் சொல்லாமல் இல்லை. குடிவந்த முதல் வாரம், அவர்கள் வழக்கப்படி, பக்கத்து வீட்டாருக்கெல்லாம் சின்னப் பொதி ஒன்று கொண்டு வந்து, குனிந்து பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டவர். நான் பொதியை வாசலில் வாங்கி, வாசலில் நன்றி சொல்லி, வாசலிலேயே கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்த பிஸ்கட் நன்றாக இருந்தது. பெயர் அன்றைக்கே மறந்துவிட்டது.

இதை வியாழக்கிழமை அவரிடம் சொன்னேனா? இல்லை.

அதற்குப் பதிலாக, எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தில் இறங்கினேன். நடைமுறை! மேசையில் கடதாசிகளைப் பரப்பினேன். முதலில் பதிவு நீக்கத்தைத் திருத்தவேண்டும். புதிதாகப் பதியக்கூடாது, பதிந்தால் இடையில் அவர் இல்லாமல் போன மாதங்கள் அப்படியே நின்றுவிடும். வீட்டுச் சொந்தக்காரரின் உறுதிக் கடிதம். பல்கலைக்கழகத்தின் கடிதம். விண்ணப்பம் மூடப்படுவதற்கு முன் எழுத்தில் ஒரு ஆட்சேபம். திங்கட்கிழமை காலை டெர்மீன், அதாவது முன்கூட்டியே எடுத்த நேரம், இல்லாமலே அவசர வரிசை. அவர் ஒவ்வொன்றையும் சிறிய கொப்பியில் எழுதிக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை தலை குனிந்து நன்றி சொன்னார். ஒவ்வொரு நன்றியும் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதப்போவதில்லை.

பெட்டிக்குப் பெயர் ஒட்டவேண்டும். கட்டட நிர்வாகத்தின் விதிப்படி அவர்களே தரும் பட்டைதான் ஒட்டலாம். கேட்டால் மூன்று வாரம். கையால் எழுதி ஒட்டிய ஒருவரைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதியவன் நான்தான். ஒரு துண்டுக் கடதாசியை வெட்டி எடுத்து, உங்கள் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். எரிகோ ஹோசோயா. பெரிய எழுத்தில் எழுதி செலோடேப்பால் ஒட்டினேன். வளைந்துதான் இருந்தது.

அந்தப் பெட்டிக்கு இரண்டு பெட்டி தள்ளி என்னுடையது. அதில் இரண்டு பெயர். ஒன்று என்னுடையது, மற்றது ஆறு வருடத்துக்கு முன் காலமான என் மனைவியுடையது. மூக்குக்கண்ணாடிக் கடையொன்று இன்னும் வருடாவருடம் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறது. பிந்தாமல் வந்து சேர்கிறது. மூன்றாம் மாடியில் உயிரோடு இருந்தவருக்கு மட்டும் ஒரு துண்டுக் கடதாசி வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பிரதி எடுத்த கடதாசிகளோடு மறுபடி வந்தார். இந்த முறை உள்ளே வரச் சொன்னேன். சப்பாத்தை வெளியே கழற்றி, மூக்கு படியைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். கடதாசிகளைக் கோப்பில் அடுக்கிக்கொண்டே, கேட்டதற்குக் கொஞ்சமும் கேட்காததற்குக் கொஞ்சமுமாகச் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் நல்லவர்கள். மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடப் போவார்கள், அவரையும் கூப்பிடுவார்கள். முதல் ஐந்து நிமிடம் அவருக்காக மெல்லப் பேசுவார்கள். பிறகு அவருக்குத் தெரியாத யாரையோ பற்றி வேகமாகப் பேசிச் சிரிப்பார்கள். அவரும் அரை நொடி பிந்திச் சிரிப்பார். ஐந்து மணிக்கு எல்லோரும் இனிய மாலை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு அவரும் வீட்டுக்கு வருவார். வரும் வழியில் சூப்பர் மார்க்கெட்டில் தானியங்கி இயந்திரம் காலியாக இருந்தாலும் ஆள் இருக்கும் வரிசையில்தான் நிற்பார். ஏனென்றால் காசாளர் ‘ரசீது வேண்டுமா?’ என்று கேட்பார். சில நாளில் அவரிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி அதுதான்.

வார இறுதி கஷ்டமாக இருக்குமே என்றேன். இல்லையாம், அதுதான் லேசு. ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சதுப்பு நிலத்துக்கு நீர்மட்டம் அளக்கப் போய்விடுவாராம்.

“அங்கே யாரும் இல்லாதது இயற்கை. அதனால் ஒன்றும் தோன்றாது” என்றார்.

வெளிநாட்டில் தனிமை என்றால் நம் ஆட்களுக்கு உடனே ஞாபகம் வருவது தொலைந்துபோன ஊர். எனக்கு இப்போது வேறொரு சந்தேகம். மரியாதைதான் முக்கால்வாசித் தனிமைக்குக் காரணமோ? தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று அவர் மணியை அடிக்கவில்லை. மற்றவர் விஷயத்தில் தலையிடக்கூடாது என்று நான் படியேறவில்லை. இருவருடைய நடத்தையிலும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் மியூனிக்கில் இருந்து கதைப்பாள். வாரம் ஒரு தடவை, பத்து மணிக்கு. அவளிடம் முழுக் கதையையும் சொன்னேன், அட்டைக் கட்டு உட்பட.

“அப்பா, அதை அந்தப் பிள்ளையிட்டச் சொல்லிட்டியளோ?”

“இன்னும் இல்லை. நாளைக்கு அலுவலகக் காரியம் முடியட்டும் எண்டு பாக்கிறன்.”

“மன்னிப்புக் கேக்கிறதுக்கும் டெர்மீன் எடுக்கப் போறியளோ?”

முழங்காலைச் சொன்னேன். மாடி ஏற ஏலாது என்றேன்.

“ஏலாட்டி கீழ நிண்டு பெல்லை அமத்தியிருக்கலாம்.”

“பெல்லில பேர் இல்லைப் பிள்ளை.”

“பேர் இல்லாட்டி பெல் அடிக்காதோ, அப்பா?”

இப்படிக் கேட்கும் பழக்கம் அவளுக்குத் தாயிடம் இருந்து வந்தது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வெளிநாட்டவர் அலுவலகத்து வரிசையில் நின்றோம். அனுமதி முடிய ஏழு நாள். எங்கள் இலக்கம் வந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் இருந்தார். கோப்பை ஒழுங்காகப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். ஆனால்... இந்த நாட்டில் ‘எல்லாம் சரி’ என்பதற்குப் பின்னால் எப்போதும் ஒரு ‘ஆனால்’ நிற்கும்.

வாடகை ஒப்பந்தமும் வீட்டுச் சொந்தக்காரரின் கடிதமும் இருக்கின்றன, ஆனால் ஒப்பந்தம் போட்டவர் அங்கேதான் இத்தனை மாதமும் இருந்தார் என்பதற்கு அவை சாட்சி ஆகா. மூன்று தடவை கடிதம் திரும்பியிருக்கிறது. கட்டடத்தில் குடியிருக்கும் யாராவது, இவர் தொடர்ச்சியாக அங்கேதான் வசித்தார் என்றும், தபால் ஏன் சேரவில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், இன்றைக்கே பதிவைத் திருத்தச் சொல்லலாம். அப்படி யாரும் இருக்கிறார்களா?

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அலுவலகத்து நடைபாதையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். மற்றவர்களுக்காக எத்தனையோ அறிக்கைகள் எழுதியவன். முதல் வரி சுலபம்: பெயர், பிறந்த திகதி, முகவரி. இரண்டாவது வரி: ‘திருமதி... செல்வி எரிகோ ஹோசோயாவை நான்...’ அங்கே பேனா நின்றுவிட்டது. நான் என்ன? அறிவேனா? என்ன தெரியும் எனக்கு இவரைப் பற்றி?

கடைசியில் தெரிந்ததை எழுதினேன். காலை ஆறே முக்காலுக்கு வெளிக்கதவைக் கைபிடியைத் திருப்பிச் சத்தமில்லாமல் சாத்துபவர் இவர். செவ்வாய்க்கிழமை உடுப்புத் தோய்த்துவிட்டு இயந்திரத்தின் ரப்பரைத் துடைத்துவைப்பவர் இவர். இவருடைய சைக்கிள் நிலவறையில் இடது மூலையில் நிற்கும். சக்கரத்தில் கறுப்பு மண் இருக்கும். மாலை ஏழு மணிக்குப் பிறகு என் கதவுக்கு வெளியே ஒரு தபால் பெட்டி திறக்கும். உடனே மூடாது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூடும். பதினான்கு மாதமாக இதை நான் கேட்டு வருகிறேன்.

பிறகு நான்காவது பத்தி. தபால் ஏன் சேரவில்லை? பெட்டியில் பெயர் இல்லாததால். அதோடு, ஜனவரியில் ஒரு கட்டு அட்டையை அவருக்குச் சேர்க்கலாமா என்று கேட்ட தபால்காரரிடம், கட்டடத்தில் ஒரு ஜப்பானியர் வசிப்பது தெரிந்தும், திருப்பி அனுப்பும்படி ஆலோசனை சொன்னவன் நான் என்பதால்.

கையெழுத்துப் போட்டேன். கொடுப்பதற்கு முன் அவரிடம் நீட்டினேன். வாசிக்கவேண்டியவர் அவர்தான்.

மெல்ல வாசித்தார். கடைசிப் பத்தியை மறுபடி வாசித்தார். கடதாசியை முழங்காலில் வைத்து, ஓரத்தை நேராக்கினார்.

“நீங்கள் சொன்னது விதிப்படி சரி” என்றார்.

“சரிதான். அதற்காக நீங்கள் கோபப்படாமல் இருக்க வேண்டியதில்லை.”

“கோபமாகத்தான் இருக்கிறேன்” என்றார், அதே தாழ்ந்த குரலில். “இப்போது மிகவும் கோபமாக இருக்கிறேன்.”

எதிர்ப்பக்கத்தில் ஒரு குழந்தை இலக்கச் சீட்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தது. தாய் அதைப் பிடுங்கப் போராடிக்கொண்டிருந்தாள். இலக்கங்கள் மாறிக்கொண்டிருந்தன.

அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். “எத்தனை அட்டைகள் இருந்தன?”

எண்ணவில்லை. ஒரு விரல் தடிப்பு இருக்கும் என்று இரண்டு விரலை விரித்துக் காட்டினேன். அவர் என் விரல்களையே பார்த்தார். இருபதுக்குக் குறையாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவரும் அதையே நினைத்திருக்கவேண்டும்.

“மேலே இருந்தது எப்படி இருந்தது?”

கண்ணை மூடி யோசித்தேன். மற்றவை அச்சடித்தவையாக இருக்கவேண்டும். மேலே இருந்தது அப்படி இல்லை. கறுப்பு மையால் கையாலே வரைந்த குதிரை. நன்றாக வரையத் தெரிந்தவர் வரைந்தது இல்லை. ஒரு பின்னங்கால் மற்றதை விடக் கட்டை. கழுத்து நாயின் கழுத்து மாதிரி. அதனால்தான் ஞாபகம் இருக்கிறது என்றேன்.

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை. வாங்கின் நுனியில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், முதுகு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

அது அவருடைய அப்பா வரைந்தது. அங்கே வருடத்துக்கு ஒரு மிருகம் என்று கணக்கு உண்டு; ஒவ்வொரு வருடமும் அந்த வருடத்து மிருகத்தைத் தன் கையாலே வரைந்து அனுப்புவாராம். படிப்பை இன்னும் ஒரு வருடம் நீட்டப்போகிறேன் என்று போன வருடம் சொன்னபோது அவர் பதிலே சொல்லவில்லை. புத்தாண்டுக்கு அட்டையும் வராததால், அதுதான் பதில் என்று மகள் எடுத்துக்கொண்டார். மாதம் ஒரு தடவை தொலைபேசியில் பேசுகிறார்கள். உடம்பு எப்படி, சாப்பிட்டாயா என்று அவர் கேட்பார்; ஓம் என்று இவர் சொல்வார். அட்டையைப் பற்றி இவரும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

எங்கள் இலக்கம் மறுபடி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் அறிக்கையை வாசித்தார். நான்காவது பத்தியில் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பெயர் இல்லை என்ற முதல் வரியே போதும், மற்றது எங்களுக்குத் தேவையில்லை, வெட்டிவிடுங்களேன் என்றார், நல்ல மனதோடு.

இருக்கட்டும் என்றேன்.

தோளைக் குலுக்கி, முத்திரை குத்தினார். பதிவை நீக்கிய நாளில் இருந்தே திருத்தச் சொல்லிப் பதிவு அலுவலகத்துக்கு எழுதினார். விண்ணப்பம் திறந்தபடி இருக்கும். முடிவு வரும்வரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தற்காலிகச் சான்றிதழ். அதன் ஜெர்மன் பெயரை உள்ளது உள்ளபடி தமிழாக்கினால் ‘கற்பனைச் சான்றிதழ்’ என்று வரும். கற்பனையோ இல்லையோ, ஆய்வுக்கூடத்துச் செயலாளருக்கு அது போதும். கடைசி வருடத்து ஒப்பந்தம் செவ்வாய்க்கிழமையே கையெழுத்தாகிவிட்டது.

அவர் திங்கட்கிழமை இரவே அப்பாவுக்குப் பேசியிருக்கிறார்... அங்கே அது விடியற்காலை. செவ்வாய் மாலை படிக்கட்டில் நின்று சுருக்கமாகச் சொன்னார். அட்டை மார்ச்சில் அப்பாவிடம் திரும்பிப் போயிருக்கிறது. மகள் மறுபடி வீடு மாறிவிட்டாள், புதிய முகவரியைத் தராததற்கு அவளுக்கு ஏதோ காரணம் இருக்கும், கேட்டுச் சங்கடப்படுத்தக்கூடாது என்று மேசை லாச்சியில் வைத்துவிட்டாராம். நடந்ததைச் சொன்னதும் அப்பா, பெட்டியில் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று எழுத்து எழுத்தாகக் கேட்டாராம். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டதாம்.

என்னை மன்னித்துவிட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்கவில்லை. வணக்கம் சொல்கிறார். முன்பை விடக் கொஞ்சம் குறைவாகக் குனிகிறார். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று மாலை ஏழு மணிக்குப் பெட்டி திறந்த சத்தம் கேட்டது. பிறகு என் மணி அடித்தது. மன்னிப்பு ஒன்றுதான் வந்தது, மூன்றில் இருந்து குறைந்திருக்கிறது. கையில் ஒரு கடிதம். பதினான்கு மாதத்தில் அந்தப் பெட்டியில் விழுந்த முதல் கடிதம். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பதிவு அலுவலகத்தில் இருந்து. போன வாரமே தயாராகித் திங்கட்கிழமைத் திருத்தத்துக்கு முன்னால் புறப்பட்டிருக்கவேண்டும்.

வாசலில் நின்றபடியே எனக்கு வாசித்துக் காட்டினார். ‘மதிப்புக்குரிய எரிகோ ஹோசோயா, மேற்படி முகவரியில் தாங்கள் வசிக்கவில்லை என்பதை இத்தால் தங்களுக்கு அறியத் தருகிறோம்.’

சரியான பெயர், சரியான பெட்டி, ஒரு நாள் கூடப் பிந்தவில்லை.